ஒரு கையால் மட்டும் ஓட்டுவதற்கு மிதிவண்டியின் பிரேக், கியர் கேபிள்களை அமைப்பது எப்படி?

இடக்கைப்பிடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வலது தோளின் நரம்புக்கற்றையில் ஏற்பட்ட காயத்துக்குப் பிறகு என் வலக்கை விரல்களால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. முன்கையை ஹேண்டில்பாரின் மேல் வைத்துக்கொள்ளவும் ஓரளவு ஊன்றவும் முடிகிறது. பிரேக் லிவரை அழுத்தவோ, கியரை மாற்றும் ஷிஃப்டரைத் தள்ளவோ முடியாது. இடக்கை முழு வலிமையுடன் இருக்கிறது. மருத்துவர் மிதிவண்டி ஓட்ட அனுமதித்துவிட்டார். ஆகவே வண்டியை என் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள விரும்புகிறேன்.

என்னுடையது நேரான ஹேண்டில்பார் கொண்ட வண்டி. இரு சக்கரங்களிலும் வி-பிரேக் (ரிம்மை இரு நீண்ட கரங்களால் இருபுறமும் அழுத்தும் பிரேக்) உள்ளது. முன்னால் 48, 38, 28 பற்கள் கொண்ட மூன்று வளையங்களும் பின்னால் 11 முதல் 32 வரை எட்டுப் பற்சக்கரங்களும் உள்ளன. இப்போதைக்கு இடப்பக்க லிவரைப் பின்பிரேக்குடன் இணைத்துவிட்டு, முன்பிரேக் இல்லாமல் மைதானத்தில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். இந்த நிலையில் சாலைக்குச் செல்ல எனக்குத் துணிவில்லை.

என் கேள்விகள் இரண்டு. ஒரே லிவர் இரண்டு கேபிள்களையும் சேர்த்து இழுக்கும் அமைப்பு நம்பத்தக்கதா, அல்லது இடப்பக்கத்திலேயே இரண்டு தனி லிவர்களைப் பொருத்த வேண்டுமா? இரண்டு ஷிஃப்டர்களையும் ஒரே பக்கத்தில் வைத்தால் கட்டைவிரல் எதைத்தான் சமாளிக்கும்? அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள். படித்துப் புரிந்துகொள்ள எனக்கு நேரம் இருக்கிறது.

ஆரக்கால்

முதலில் பிரேக்கை முடிவு செய்யுங்கள். கியரைப் பிறகு பார்க்கலாம். ஷிஃப்டருக்கு இடம் ஒதுக்கிவிட்டு மீந்த இடத்தில் பிரேக் லிவரைத் திணிப்பதுதான் இத்தகைய மாற்றங்களில் நான் அடிக்கடி காணும் பிழை.

முன்பிரேக் இல்லாமல் சாலைக்குச் செல்ல வேண்டாம் என்ற உங்கள் முடிவு மிகவும் சரியானது. வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் இலேசாகி, ஒரு கட்டத்துக்கு மேல் வழுக்கத் தொடங்கிவிடுகிறது. காய்ந்த தரையில் பின்பிரேக்கால் மட்டும் கிடைக்கும் வேகக்குறைப்பு ஏறத்தாழ புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு. முன்பிரேக்கைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி வரை போகலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்கப் பின்பிரேக்குக்கு மட்டும் சுமார் 6.3 மீட்டர் தேவைப்படும். முன்பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தினால் சுமார் 3.2 மீட்டர் போதும்.

அடுத்து, இரட்டைக் கேபிள் லிவர். இது புதுமையான பொருள் அல்ல. முன்னால் இரு சக்கரங்கள் உள்ள மூன்று சக்கர வண்டிகளில் இரண்டு முன்பிரேக்குகளையும் ஒரு கையால் பிடிப்பதற்காக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இதை வைத்தால் பிரேக் வலிமை பாதியாகிவிடும் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் கை தரும் விசை இரண்டு கேபிள்களுக்கும் பங்கிடப்படுகிறது. அந்த இரண்டு பங்குகளின் கூட்டுத்தொகை குறைவதில்லை. ஆனால் இரு கைகள் செய்த வேலையை இனி ஒரு கை செய்கிறது என்பதும், இரண்டு பிரேக்குகளின் மீள்விற்களையும் அந்த ஒரு கையே எதிர்க்க வேண்டும் என்பதும் உண்மை. நீண்ட இறக்கத்தில் விரல்கள் சோர்ந்துபோகும்.

லிவர் வாங்கும்போது அது வி-பிரேக்குக்கு உரியதா என்று கட்டாயம் பாருங்கள். வி-பிரேக்குக்கான லிவர், பழைய காலிப்பர் பிரேக்குக்கான லிவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளத்துக்குக் கேபிளை இழுக்கும். குறைந்த இழுப்புள்ள லிவரை வி-பிரேக்குடன் இணைத்தால் பிரேக் கட்டைகள் ரிம்மை அழுத்துவதற்கு முன்பே லிவர் ஹேண்டில்பாரில் முட்டிவிடும்.

நெடுவழி

ஆரக்கால் சொன்ன கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. முடிவில்தான் வேறுபடுகிறேன்.

நானும் ஆறு ஆண்டுகளாக ஒரு கையால் ஓட்டுகிறேன். முதலில் எனக்கும் இரட்டைக் கேபிள் லிவரைத்தான் பொருத்தினார்கள். ஒரு நாள் இறக்கத்தின் நடுவே, லிவர் திரும்பும் அச்சாணியைப் பிடித்திருந்த நட்டு கழன்று லிவர் கையோடு வந்துவிட்டது. கேபிள்கள் இரண்டும் புத்தம் புதியவை, கட்டைகளும் தேயவில்லை, ஆயினும் என்னிடம் ஒரு பிரேக்கும் இல்லை. காலைத் தரையில் தேய்த்து, ஓரமாக இருந்த மண்மேட்டில் வண்டியை ஏற்றித்தான் நிறுத்தினேன். ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்வதன் பொருளை அன்று என் உடலால் அறிந்தேன்.

இப்போது என் பின்சக்கரத்தில் இருப்பது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருக்கும் பிரேக். அதற்குக் கேபிளும் தேவையில்லை, கையும் தேவையில்லை. இடக்கை லிவர் முழுவதும் முன்பிரேக்குக்கு உரியது. ஷிமானோ நெக்ஸஸ் வரிசையில் இந்தப் பிரேக்கும் உட்கியர்களும் ஒரே ஹப்பில் அமைந்த வகைகள் உண்டு. எட்டு வேக ஹப்பின் மொத்த வீச்சு 307 விழுக்காடு, அதாவது மிகக் கடினமான கியர் மிக எளியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே ஒரு ஷிஃப்டர் போதும், வண்டி நிற்கும்போதும் கியரை மாற்றலாம். ஸ்டர்மி-ஆர்ச்சரின் இரண்டு வேக ஹப் ஒன்றில் அந்த ஒரு ஷிஃப்டர்கூட இல்லை. பெடலைச் சற்றே பின்னுக்குத் தள்ளினால் கியர் மாறும், மேலும் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். சமதளத்தில் ஓட்டுபவருக்கு இதைவிட எளிய அமைப்பை நான் கண்டதில்லை.

பல்சக்கரம்

கியர் பற்றி நான் எழுதுகிறேன். முன்பக்க ஷிஃப்டரையும் முன் டிரெய்லியரையும் (சங்கிலியை ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டு ஷிஃப்டர்களை ஒரே பக்கத்தில் அடுக்குவதற்கு வழிகள் உண்டு என்றாலும், ஒரே கட்டைவிரல் நான்கு நெம்புகளைத் தேடும் நேரத்தில் கண் சாலையை விட்டு விலகிவிடுகிறது. ஒற்றை முன்வளையம் உங்கள் சிக்கலில் பாதியைத் தீர்த்துவிடும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். இப்போதுள்ள மிக எளிய கியர் 28-க்கு 32, அதாவது 0.875. மிகக் கடினமானது 48-க்கு 11, அதாவது 4.36. முன்னால் 36 பல் வளையமும் பின்னால் 11 முதல் 40 வரையுள்ள எட்டு வேகத் தொகுப்பும் வைத்தால் எளிய கியர் 0.9 ஆகும், ஏற்றத்தில் வேறுபாடு ஏறக்குறையத் தெரியாது. கடின முனை 3.27-க்கு இறங்கும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் பழைய உச்ச கியரில் மணிக்கு சுமார் 44 கிலோமீட்டர் போகலாம்; புதியதில் 33. அந்த வேகத்துக்கு மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதிக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் அமைந்த வளையத்தை வாங்குங்கள். அது சங்கிலி கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும். பின் டிரெய்லியர் 40 பல் வரை தாங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பின் டிரெய்லியருக்கான ஷிஃப்டர் வலக்கைக்கென்றே செய்யப்பட்டிருக்கும். அதை இடப்பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் தலைகீழாகப் புரட்டிப் பொருத்த வேண்டும். நெம்புகள் உள்ள வகையானால், ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த உடற்பகுதி அதற்கு மேலே வந்து உட்காரும். நெம்புகள் உங்களை நோக்கியே இருக்கும், கேபிளும் வழக்கம்போல வண்டியின் நடுப்பகுதியை நோக்கியே வெளிவரும். கியர் எண்ணைக் காட்டும் சாளரம் மட்டும் தரையைப் பார்க்கும். இரண்டு வாரத்தில் அது தேவைப்படாமல் போய்விடும். முறுக்கும் வகை ஷிஃப்டரையும் இவ்வாறே இடம் மாற்றலாம், ஆனால் திசை தலைகீழாகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. மேலும் பிரேக்கை அழுத்தும் அதே உள்ளங்கை முறுக்கவும் வேண்டியிருப்பதால் ஒரு கையால் ஓட்டுபவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மின்னணு ஷிஃப்டர்களையும் குறிப்பிட வேண்டும். ஷிமானோ டி-ஐ-2 அமைப்பு 2009-இலும் ஸ்ராம் இ-டேப் 2015-இலும் வந்தன. இவற்றில் இழுப்பதற்குக் கேபிளே இல்லை, பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தானைக் கைக்கு எட்டும் இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம், எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் செயலியில் மாற்றலாம். உங்கள் வலது முன்கையால் அழுத்த முடியுமானால் ஒரு பொத்தானை வலப்பக்கத்திலேயே வைக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. செலவு மிக அதிகம் என்பதால் முதல் முயற்சிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மழைநாள்

நான் பிறவியிலேயே வலது முழங்கைக்குக் கீழே கை இல்லாதவள். கேபிளைப் பற்றிப் பேசும் எல்லோரும் திசைமாற்றத்தை மறந்துவிடுகிறார்கள், ஆகவே இதை எழுதுகிறேன்.

பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னோக்கிச் செல்கிறது. அந்த உந்துதல் முழுவதையும் இடக்கை மட்டும் தாங்கினால் ஹேண்டில்பாரின் இடப்பக்கம் முன்னே தள்ளப்பட்டு வண்டி வலப்பக்கம் திரும்பும். பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு வலுவாகத் திரும்பும். புதிய பிரேக்கைப் பொருத்திய அன்று நான் விழுந்தது இதனால்தான். இருக்கையைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள், ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், பெடல்களைக் கிடைமட்டத்தில் வைத்து எடையைக் கால்களுக்கு மாற்றப் பழகுங்கள். கைப்பிடியும் லிவரும் ஹேண்டில்பாரைத் தாங்கும் நடுத்தண்டுக்கு அருகில் வர வர இந்தத் திருப்பு விசை குறையும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் சட்டத்தின் கீழ்க்குழாயையும் இணைத்து, சக்கரத்தை நேராக வைத்திருக்க உதவும் வில் ஒன்று விற்கப்படுகிறது, அதுவும் பயன்படும். உங்கள் வலது முன்கை ஊன்றும் இடத்தில் ஒரு குழிவான தாங்கியை அமைக்க முடிந்தால் அதுவே எல்லாவற்றையும்விட நல்லது.

நான் பயன்படுத்துவது ஹோப் நிறுவனத்தின் டெக் 3 டியோ. இரண்டு தனி மாஸ்டர் சிலிண்டர்களும் (பிரேக் திரவத்தைத் தள்ளும் பகுதிகள்) இரண்டு லிவர்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. விரல்களைப் பிரித்து முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியாகப் பிடிக்கிறேன். இதற்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி தேவை.

இடக்கைப்பிடி

நால்வருக்கும் நன்றி. மழைநாள் எழுதியதைப் படித்தபோது மைதானத்தில் என் வண்டி ஏன் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் இழுத்தது என்பது விளங்கியது. பின்பிரேக்குக்கே அப்படி என்றால் முன்பிரேக்குடன் நான் முன்னெச்சரிக்கையாகத்தான் தொடங்க வேண்டும்.

நெடுவழியின் பின்மிதி பிரேக் என்னை மிகவும் ஈர்த்தது. ஆனால் கிளம்பும்போது ஒரு பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி உயரத்துக்குக் கொண்டுவந்துதான் ஏறுகிறேன். அந்த ஹப்பில் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்ற எனக்கு இன்னொரு கை இல்லை. என் டிரெய்லியருடன் அதைச் சேர்க்கவும் முடியாது என்று அறிகிறேன். எனவே இரட்டைக் கேபிள் லிவரை நோக்கியே சாய்கிறேன். எந்தப் பிரேக் முதலில் பிடிக்க வேண்டும் என்று ஆரக்கால் விளக்க வேண்டும்.

ஆரக்கால்

ஆம், டிரெய்லியரின் சங்கிலி இறுக்கி பின்னோக்கிய இழுவையைத் தாங்காது. அந்த ஹப்புடன் அதைச் சேர்க்கக் கூடாது.

இரட்டை லிவர்களில் இரு வகை உண்டு. ஒன்றில் இரண்டு கேபிள்களின் தலைகளும் லிவரிலேயே நிலையாகப் பொருந்தும். இரண்டும் எப்போதும் ஒரே தூரம் நகரும். மற்றதில் இரண்டு தலைகளும் தராசுத் தண்டு போன்ற ஒரு சிறு துண்டில் பொருந்தும். அது சாய்ந்து சாய்ந்து இரண்டுக்கும் ஒரே விசையைத் தரும். மூன்று சக்கர வண்டியின் இரண்டு முன்சக்கரங்களுக்குத் தராசு வகையே சரி, ஏனென்றால் ஒரு பக்கம் கூடுதலாகப் பிடித்தால் வண்டி திரும்பிவிடும். முன்சக்கரமும் பின்சக்கரமும் என்று வரும்போது சம பங்கு நல்லதல்ல. வேகமாக நிறுத்தும்போது பின்சக்கரத்தின் மேல் எடை மிகக் குறைவாக இருக்கும். பாதி விசை அங்கே போனால் அது வழுக்கும்.

ஆகவே உங்களுக்கு நிலையான வகையைப் பரிந்துரைக்கிறேன். பின் கட்டைகள் முன் கட்டைகளைவிட மிகச் சிறிது முன்னதாக ரிம்மைத் தொடும்படி வையுங்கள். மெதுவாக அழுத்தும்போது பின்பிரேக் மட்டும் வேலை செய்து வண்டியை நிதானப்படுத்தும். பின்பிரேக்கின் கேபிளை மூடியிருக்கும் உறை நீளமானது, அழுத்தும்போது அது சற்றுச் சுருங்கிக் கொடுக்கும். முன்பிரேக்கின் உறை குட்டையானது, விறைப்பானது. இரண்டு கேபிள்களும் ஒரே தூரம் நகர்வதால், முன் கட்டைகள் தொட்ட பிறகு நீங்கள் கூடுதலாக அழுத்தும் விசையில் பெரும்பங்கு விறைப்பான முன்கேபிளுக்கே போகும். வேண்டிய பங்கீடு தானாக அமைந்துவிடுகிறது. இடைவெளியை மிகைப்படுத்திவிடாதீர்கள், முன் கட்டை மிகத் தாமதமாகத் தொட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்ட பிறகுதான் அது வேலைக்கு வரும். இரண்டு கேபிள்களிலும் தனித்தனியாகச் சரிசெய்யும் திருகு இருக்க வேண்டும். லிவரில் இல்லையென்றால் உறையின் நடுவே பொருத்தும் திருகை வாங்குங்கள்.

இதே கருத்தை ஷூர்ஸ்டாப் என்ற அமைப்பு வேறு வழியில் நிறைவேற்றுகிறது. அதில் லிவர் பின்பிரேக்கை மட்டுமே இழுக்கும். சுழலும் ரிம் பின் கட்டையைச் சற்று முன்னே இழுத்துச் செல்ல, அந்த நகர்வு முன்பிரேக்கின் கேபிளை இழுக்கும். பின்சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கினால் அந்த இழுப்பு குறைந்து முன்பிரேக்கும் தளரும். குழந்தைகளின் வண்டிகளில் இது வருகிறது.

இனி கேபிள் செல்லும் பாதை. உராய்வு இழப்பைத் தீர்மானிப்பது வளைவுகளின் மொத்தக் கோணம். உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால் 90 பாகை வளைவில் விசையில் 15 விழுக்காடும், 180 பாகையில் 27 விழுக்காடும், 270 பாகையில் 38 விழுக்காடும் காணாமல் போகின்றன. ஒரு கையின் விசையை இரண்டாகப் பிரிக்கும் உங்களுக்கு இந்த இழப்பு கட்டுப்படியாகாது. பின்பிரேக்கின் உறையை இடப்பக்கமாகவே நெருக்கி இறக்காமல், தலைக்குழாயின் (சட்டத்தின் முன்முனையில் ஃபோர்க் திரும்பும் குழாய்) முன்புறமாகச் சுற்றி வலப்பக்கம் கொண்டுபோய், அங்கு உறை முட்டி நிற்கும் நிறுத்தத்தில் சேருங்கள். வளைவு மென்மையாக இருக்கும். உள்ளே வழுவழுப்பான பூச்சுள்ள உறையையே வாங்குங்கள். முனையைச் சதுரமாக வெட்டி, அரத்தால் தேய்த்து, நசுங்கிய உட்குழலை ஓர் ஆரக்கம்பியின் முனையால் திறந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாதாரண கியர் உறையைப் பிரேக்குக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பிரேக் உறை 5 மில்லிமீட்டர் தடிமன் உடையது, அதன் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் உறையின் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் அழுத்தத்தில் அவை பிளந்து வெளியே வந்துவிடும். உட்கம்பிகளும் வேறுவேறு, பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர், கியருக்கு 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர். எல்லாக் கேபிள்களும் ஒரே பக்கத்திலிருந்து இறங்கும்போது கைதவறி மாற்றி எடுத்துவிடுவது எளிது.

நெடுவழி

பின்மிதி பிரேக் ஏன் ஒத்துவராது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கிளம்பும் சிரமம் உண்மைதான். நான் நடைமேடை விளிம்பில் கால் வைத்துக் கிளம்பக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. ஆனாலும் ஒற்றை லிவரை நான் முழுமையாக நம்ப மாட்டேன். குறைந்தபட்சம் அச்சாணியில் பூட்டு நட்டு உள்ள லிவரை வாங்குங்கள், ஹேண்டில்பாரைப் பற்றும் திருகையும் அச்சாணியையும் ஒவ்வொரு வாரமும் கையால் தொட்டுப் பாருங்கள். கேபிள் தலைக்கு அருகில் ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். பொருத்தி முடித்ததும் முதலில் முன்கேபிளை மட்டும் கழற்றி, பின்பிரேக் தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றிச் செய்து பாருங்கள். ஒன்று அறுந்தால் மற்றது வேலை செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

இடக்கைப்பிடி

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வேலை முடிந்தது.

நிலையான வகை இரட்டை லிவர், வி-பிரேக்குக்கு உரியது, பூட்டு நட்டுடன் கிடைத்தது. கைப்பிடியை நடுத்தண்டை நோக்கி நான்கு விரற்கடை நகர்த்தியிருக்கிறேன். வலப்பக்கத்தில் முன்கைக்கு ஒரு தாங்கி அமைத்தாகிவிட்டது. லிவர் மிகவும் கனமாக இருந்ததால் இரண்டு வி-பிரேக்குகளின் மீள்விற்களையும் கட்டைகள் ஒழுங்காகத் திரும்பும் அளவுக்கு மட்டும் வைத்துத் தளர்த்தினேன். அழுத்துவது உடனே இலகுவாயிற்று. பின் கட்டைகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் லிவர் நகர்வுக்கு முன்பாகத் தொடுகின்றன. முதலில் இதை மூன்று மில்லிமீட்டராக வைத்திருந்தேன். ஆரக்கால் எச்சரித்தபடியே பின்சக்கரம் இழுபட்டு மண்ணில் கோடு போட்டது.

நெடுவழி சொன்ன சோதனையை இரு முறை செய்தேன். முன்கேபிளைக் கழற்றியபோது லிவர் ஹேண்டில்பாரைத் தொடாமல் பின்பிரேக் பிடித்தது. மாற்றிச் செய்தபோதும் அவ்வாறே. பிறகு மைதானத்தில் கோடு கிழித்து, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தேன். பத்து முயற்சிகளில் பெரும்பாலும் நான்கு மீட்டருக்குள் நின்றேன், வண்டி வலப்பக்கம் திரும்பவில்லை. முன்பு பின்பிரேக்கை மட்டும் கொண்டு ஆறு மீட்டரைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

கியரில்தான் ஒரு கோளாறு வந்தது. ஹேண்டில்பாரை முழுவதும் வலப்பக்கம் திருப்பினால் நான் தொடாமலேயே கியர் ஒரு படி மாறியது. இடக்கைப்பிடி முன்னே போகும்போது சட்டத்துக்குச் செல்லும் கியர் உறை இழுபட்டதே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. முன்பிரேக் ஃபோர்க்குடன் சேர்ந்து திரும்புவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை; பின்பிரேக்கும் கியரும்தான் சட்டத்துக்குப் போகின்றன. உறையை 40 மில்லிமீட்டர் நீளமாக வெட்டி மாற்றினேன், சரியாகிவிட்டது. புரட்டிப் பொருத்திய ஷிஃப்டரைக் கட்டைவிரல் நான்கே நாளில் கற்றுக்கொண்டது.

பல்சக்கரம்

மிக்க மகிழ்ச்சி. பின்பிரேக்கின் உறையையும் அதே முறையில், இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நீளம் சற்றே போதாமல் இருந்தால் கியரைப் போல அது உடனே காட்டிக்கொடுக்காது. திருப்பத்தில் கட்டை இலேசாக உரசிக்கொண்டே இருக்கும்.

இடக்கைப்பிடி

இப்போதுதான் பார்த்தேன். வலப்பக்கம் முழுவதும் திருப்பினால் உரசத்தான் செய்கிறது. நாளைக் காலை அந்த உறையையும் மாற்றிவிட்டுத்தான் சாலைக்குச் செல்வேன்.